எங்கள் வீட்டு மாமரம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

“மாதா ஊட்டாத சோற்றை மாங்காய் ஊட்டும்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தாய் கெஞ்சியும் உண்ணாத பிள்ளை, ஒரு கீற்று மாங்காயைத் தொட்டுக்கொண்டு தட்டில் உள்ள சோறு முழுவதையும் உண்டுவிடும் என்பது அதன் பொருள். சிறு வகுப்பில் இப்பழமொழியை மனப்பாடம் செய்து ஒப்பித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதன் உண்மைப் பொருள் எனக்கு விளங்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. விளங்க வைத்தது புத்தகம் அன்று. எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஒரு மாமரம்.

நாங்கள் வசிப்பது இராஜபாளையம். மேற்கே பார்த்தால் மலைத்தொடர். ஊரை ஒட்டினாற்போல் சஞ்சீவி மலை. வெளியூரார் எங்கள் ஊரைப் பற்றிப் பேசினால் பஞ்சாலைகளைச் சொல்வார்கள். வெள்ளை வெளேர் என்ற வேட்டை நாயைச் சொல்வார்கள். சித்திரை பிறந்துவிட்டாலோ மாம்பழத்தைச் சொல்வார்கள். அய்யனார் கோயிலுக்குப் போகும் சாலையில் இருபுறமும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும்தாம். அங்கே விளையும் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் தனிப் பெயர் பெற்றவை. சப்பட்டை, பெயருக்கு ஏற்பச் சற்றுத் தட்டையாக இருக்கும். தோல் மெல்லியது, இனிப்போ நாக்கை விட்டுப் போகாது.

என் தாயைப் பெற்ற தாத்தாவின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில் எங்கள் இரு ஊர்களுக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவு. தாத்தா செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்கு நாற்பது ஆண்டுகள் காவல் இருந்தவர். பூ எடுப்பது முதல் காய் இறக்குவது வரை எல்லா வேலையும் அவருக்கு அத்துப்படி. அந்த மலையடிவாரம் சாம்பல் நிற மலை அணில்கள் வாழும் இடம். அவற்றைக் காப்பதற்காகவே 1988-ஆம் ஆண்டு அங்கே சரணாலயம் அமைத்தார்கள். 2021-ஆம் ஆண்டு அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமும் ஆகிவிட்டது. அந்த அணில் தரையில் இறங்குவது அரிது. கிளைக்குக் கிளை தாவியே போகும். தோப்புக்கு வந்து மாங்காயைக் கடித்துப் போடும். தாத்தா கையைத் தட்டி விரட்டுவாரே தவிர, ஒரு கல்லைக்கூட எடுக்கமாட்டார். “பத்துக் காய் காய்ச்சா ரெண்டு அதுக்கு. அது நமக்கு முன்னாடியே இங்க குடியிருக்கு” என்பார்.

எனக்கு ஐந்து வயது. ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையில் பால்கோவாப் பொட்டலமும் மறு கையில் ஒரு பை சப்பட்டையுமாகத் தாத்தா வந்தார். நான் ஒரு பழத்தைச் சாறு முழங்கை வரை வழியத் தின்றுவிட்டு, கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “தாத்தா, இதை நட்டால் இதே பழம் காய்க்குமா?” என்று கேட்டேன். தாத்தா என்னை ஒரு கணம் பார்த்தார். “நட்டுத்தான் பாரேன் தாயி” என்றார்.

கொட்டையை இரண்டு நாள் நிழலில் உலர்த்தினோம். தாத்தா ஓட்டைப் பக்குவமாகப் பிளந்து, உள்ளே வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்த்து, பருப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மாங்கொட்டையை நாள்கணக்கில் போட்டு வைத்தால் முளைக்கும் சக்தி போய்விடுமாம். கொல்லையில் துவைகல்லுக்கு அப்பால் குழி தோண்டி, மணலும் தொழுஉரமும் கலந்து, என் கையாலேயே ஊன்றினேன். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து ஒரு காலை முளை எட்டிப் பார்த்தது. இலை பச்சையாக இல்லை. செப்புப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. நோய் பிடித்துவிட்டதோ என்று நான் அழுதே விட்டேன். மாங்கொழுந்து அப்படித்தான் பிறக்கும், பிறகுதான் பச்சையாகும் என்று அம்மா சொல்லித் தேற்றினார்கள்.

அன்று முதல் அது என் பிள்ளை ஆயிற்று. ஆடு கடிக்காமல் இருக்கக் கருவேல முள்ளால் தாத்தா வேலி அடைத்தார். பழைய மண்பானை ஒன்றின் அடியில் சிறு துளை இட்டு, துணித்திரி செருகி, கன்றின் பக்கத்தில் கழுத்துவரை புதைத்தார். பானையை நிரப்பினால் நீர் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். காலையில் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் அந்தப் பானையில் ஊற்றுவது என் வேலை. 2020-ஆம் ஆண்டில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பள்ளி இல்லை, தோழியர் இல்லை, தாத்தாவாலும் பஸ் ஏறி வர முடியவில்லை. அப்போது என் உயரத்தைத் தாண்டிவிட்ட அந்த மரத்தடியில்தான் பாய் விரித்துப் பாடம் படித்தேன். தாத்தா போனில் முதலில் கேட்பது, “மரம் எப்படி இருக்கு?” என்பது, அப்புறந்தான், “நீ எப்படி இருக்க?” என்பார்.

மரம் வளர்ந்தது; ஆனால் பூக்கவில்லை. ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். கொட்டை போட்ட மரத்துக்கு ஏழெட்டு ஆண்டுகளும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். இதை நான் அறிவேன். அப்பாவுக்கோ பொறுமை குறைந்து வந்தது. அண்ணன் கல்லூரிப் படிப்புக்குத் தனியாக ஓர் அறை தேவைப்பட்டது. பஞ்சாலைச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்துச் செங்கல்லும் வாங்கிப் போட்டுவிட்டார். கொல்லையை நூல் பிடித்து அளந்தபோது மரம் சரியாக அறையின் நடுவே நின்றது. “வருகிற தைக்குள் பூத்தால் பார்ப்போம். இல்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான்” என்றார். அப்போது நான் எட்டாம் வகுப்பு.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பூக்காத மரத்தில் ஆணி அடித்தால் பயந்துபோய்ப் பூத்துவிடும் என்று தெருவில் யாரோ பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அப்பாவின் கருவிப்பெட்டியிலிருந்து பெரிய ஆணிகள் ஏழு எடுத்தேன். என் பிள்ளை என்று சொன்னேனே, அந்த மரத்தின் அடிமரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழையும் அடித்தேன். பால் வடிந்தது. துடைத்துவிட்டு, ஆணித் தலைகளின் மேல் களிமண் பூசி மறைத்தேன். மரத்தைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மரம் பூக்கவில்லை. சில மாதங்கள் சென்றபின் வடக்குப் பக்கத்துக் கிளையில் இலைகள் வாடின. ஆணி அடித்த இடத்துக்கு அருகே மரத்தூள் உதிர்ந்து கிடந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. யாரிடமும் சொல்லத் துணிவில்லாமல், தாத்தாவுக்குப் போன் செய்து, “மரத்துக்கு உடம்பு சரியில்லை தாத்தா” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். மரத்தைச் சுற்றி வந்தார். மரத்தூளைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார். “துளைப்பான் இறங்கியிருக்கு” என்றார். இந்த வண்டு மரப்பட்டையின் வெடிப்பிலும் காயத்திலும் முட்டை வைக்கும். அதிலிருந்து வரும் புழு மரத்தைக் குடைந்து உள்ளேயே வாழும். தாத்தா ஒரு சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து, துளைக்குள் விட்டுத் திருகி இழுத்தார். விரல் நீளத்துக்கு ஒரு வெளிறிய புழு வந்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் துளையில் திணித்துக் களிமண்ணால் அடைத்தார். காய்ந்துபோன கிளையை அறுத்து, அறுத்த வாயில் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசினார். பூசும்போது அவர் விரல் என் ஆணிகளில் ஒன்றின்மேல் பட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மெதுவாக, “மரத்துக்கு வாய் இல்ல தாயி. வாய் இல்லாததுகிட்டதான் நாம ரொம்பப் பொறுமையா இருக்கணும்” என்றார். அவ்வளவுதான். அப்பாவிடமும் அவர் சொல்லவில்லை.

அன்று மாலை அப்பா ஆலையிலிருந்து வந்ததும் நானே சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு குறடை எடுத்துக்கொண்டு போய் ஆணிகளைத் தாமே பிடுங்கினார். ஏழில் ஐந்துதான் வந்தன. இரண்டு இன்றும் மரத்துக்குள்ளேயே இருக்கின்றன. பட்டை வளர்ந்து மூடிவிட்டது. தாத்தா அப்பாவிடம், “மாப்பிள்ளை, காயம் ஆறட்டும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டுப் பிடிங்க” என்றார். அப்பாவும், “சரி மாமா” என்றார். செங்கற்கள் தார்ப்பாய்க்குள் உறங்கின.

பிறகு ஒருநாள் எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் இதைக் கேட்டேன். “காயம் பட்ட மரம் சில வேளை பூப்பது உண்டு. ஆனால் அது மகிழ்ந்து பூப்பது அல்ல. இனி பிழைப்போமோ மாட்டோமோ என்று அவசரப்பட்டு விதை விடப் பார்ப்பது. அப்படியா உன் மரம் பூக்க வேண்டும்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, ஐப்பசி மாதத்து அடைமழையில் ஓர் இரவு தாத்தா இறந்துவிட்டார். எட்டாம் நாள் வீடு திரும்பியதும் நேரே மரத்தடிக்குப் போனேன். அவர் பூசிய களிமண் காய்ந்து உதிர்ந்திருந்தது. அவருடைய விரல் தடம் மட்டும் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தை மாதந்தான் மரம் பூத்தது.

பொங்கல் முடிந்த நாலாம் நாள். கிளை நுனிகளில் எல்லாம் மஞ்சளும் சிவப்பும் கலந்த பூங்கொத்துகள். கொல்லை முழுவதும் மணம். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் இருக்கக்கூடும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், உதிர்ந்துவிடும். ஈயும் சிறு பூச்சிகளும் மகரந்தம் சேர்த்தவற்றிலும் பெரும்பகுதி பிஞ்சிலேயே விழும். கடைசிவரை நிற்பது கொத்துக்கு ஒன்றோ இரண்டோதான். பூவைக் கண்டதும் தத்துப்பூச்சியும் வந்தது. அது சாற்றை உறிஞ்சிவிட்டு விடும் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படியும். தாத்தா சொல்லித் தந்தபடி, லிட்டருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து நானே தெளித்தேன். வைகாசியில் எண்ணியபோது மரத்தில் 41 காய்கள் இருந்தன.

எண்ணத் தொடங்கியதுதான் என் பிழை. தினமும் எண்ணினேன். ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுமி வேலியோரம் விழுந்த காய் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். “யாரைக் கேட்டு எடுத்தாய்?” என்று கத்தினேன். அவள் காயைப் போட்டுவிட்டு ஓடினாள். பள்ளி திறந்த முதல் வாரம் தமிழ் வகுப்பில் நன்னன் கதை வந்தது. ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக நன்னன் என்ற அரசன் ஒரு பெண்ணைக் கொன்றான். அவளுக்கு ஈடாக எண்பத்தொரு யானைகளும், அவள் எடைக்குப் பொன்னால் செய்த பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் கேட்கவில்லை. குறுந்தொகையில் பரணர் இதைப் பாடியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகியும் பெண்கொலை புரிந்தவன் என்ற பழி நன்னனை விடவில்லை. ஆசிரியை சொல்லச் சொல்ல என் முகம் சுட்டது. மாலையில் இரண்டு காய்களைப் பறித்துக்கொண்டு அந்தச் சிறுமியின் வீட்டுக்குச் சென்றேன்.

ஆனி மாதம் முற்றிய காய்களில் பத்தைப் பறித்து, காம்புப் பாலை வடியவிட்டு, வைக்கோலில் பழுக்கப் போட்டோம். ஒரு வாரத்தில் மஞ்சள் ஓடியது. அப்பா, அம்மா, அண்ணன், நான் நால்வரும் வட்டமாக உட்கார்ந்தோம். தாத்தாவின் படத்துக்கு முன் ஒரு துண்டு வைத்துவிட்டு, முதல் துண்டை நான் வாயில் போட்டேன்.

புளித்தது. பழுத்தும் புளித்தது. நார் பல்லில் சிக்கியது. அது சப்பட்டை இல்லை, பஞ்சவர்ணமும் இல்லை, ஊரில் பெயர் உள்ள எந்தப் பழமும் இல்லை. அண்ணன் முகத்தைச் சுளித்தான். அப்பா, “இதுக்கா ஒன்பது வருஷம்?” என்று மட்டும் கேட்டார். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

ஞாயிறன்று மீதிக் காய்களில் ஒரு பையை எடுத்துக்கொண்டு அம்மாவும் நானும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினோம். தாத்தா போனபின் அம்மாச்சி சரியாகச் சாப்பிடுவதே இல்லை. எங்களோடு வந்து இருக்கவும் மறுத்துவிட்டார்கள். அம்மா ஒவ்வொரு வாரமும் போய் எதையேனும் சமைத்து வைத்துக் கெஞ்சுவார்கள். இரண்டு வாய் உண்டுவிட்டு, “போதும்” என்று கையைக் கழுவிவிடுவார்கள். எட்டு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டார்கள்.

ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் பட்டபோது எனக்கு அழுகை வந்தது. தாத்தாவின் மரம் புளிமாங்காய் என்று அம்மாச்சியிடம் எப்படிச் சொல்வேன்? பையை அவர்கள் முன் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். அம்மாச்சி ஒரு காயை எடுத்துக் காம்பருகே முகர்ந்தார்கள். அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக் கீறினார்கள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு கீற்றைக் கடித்தார்கள். கண்ணை இறுக மூடித் திறந்தார்கள். பிறகு சிரித்தார்கள். அத்தனை மாதங்களில் அவர்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“கொட்டை போட்டது சப்பட்டையா வராதுன்னு உங்க தாத்தாவுக்குத் தெரியாதா? நாப்பது வருஷம் தோப்புல கிடந்த மனுஷன். அன்னிக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு, ‘அது என்ன காய்க்குமோ, சாமிக்குத்தான் வெளிச்சம். புள்ள ஆசையா நடுது, நடட்டும்’னு” என்றார்கள். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, “பழைய சோறு இருக்கா பாரு, கொஞ்சம் கரைச்சுக் கொண்டா” என்றார்கள். அம்மா ஓடினார்கள். ஒரு கும்பா நிறையப் பழைய சோறு. கடித்துக்கொள்ள அந்தப் புளிமாங்காய். முழுவதையும் அம்மாச்சி உண்டார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் கண்டேன். மாதா ஊட்டாத சோற்றை மாங்காய் ஊட்டும் என்பதன் பொருள் எனக்கு அன்று விளங்கியது.

அருட்சகோதரி பின்னர் இதற்குக் காரணம் விளக்கினார்கள். மாமரங்களில் பெரும்பாலான ரகங்களுக்குக் கொட்டைக்குள் இருக்கும் கரு, தாய்மரமும் வேறு மரத்து மகரந்தமும் கலந்து உண்டானது. ஆகவே அது தாயைப் போலவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே பழம் வேண்டுமானால் அந்த மரத்தின் கிளையை எடுத்து ஒட்டுக் கட்ட வேண்டும். பெயர் பெற்ற மாம்பழங்கள் பலவும், ஒரு காலத்தில் யாரோ நட்ட கொட்டையிலிருந்து தற்செயலாக வந்த ஒற்றை மரத்தின் வழியே பெருகியவைதாம். “ஆகவே உன் மரம் தவறான மரம் அல்ல, புதிய மரம். உலகில் அதைப்போல் இன்னொன்று இல்லை” என்றார்கள்.

இப்போது அந்த மரத்துக் காயை அம்மா ஊறுகாய் போடுகிறார்கள். புளிப்பு மிகுந்த காய்தான் ஊறுகாய்க்கு ஏற்றது என்று தெருவே வந்து வாங்கிப் போகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஒரு தனிச் சாடி. அம்மாச்சி வீட்டில் ஒரு சாடி தீருமுன் அடுத்தது போய்விடும். அண்ணனுக்கு அறையும் கட்டியாகிவிட்டது. கொத்தனார் வந்த அன்று அப்பா மறுபடியும் நூல் பிடித்து அளந்தார். அளந்துவிட்டு மரத்தைப் பார்த்தார். பின், ஒன்றும் சொல்லாமல் கயிற்றை நான்கு அடி இந்தப் பக்கம் இழுத்துக் கட்டினார். எங்கள் வீட்டில் அந்த அறை மட்டும் நான்கு அடி குட்டையாக இருப்பதன் காரணம் இதுதான்.

இந்த ஆண்டு மாசி பிறந்தும் மரம் பூக்கவில்லை. ஓர் ஆண்டு நிறையக் காய்த்த மாமரம் மறு ஆண்டு ஓய்வெடுப்பது வழக்கம். எனக்கும் இது பொதுத்தேர்வு ஆண்டு. விடியற்காலையில் அதன் அடியில் உட்கார்ந்துதான் படிக்கிறேன். பூவுக்குப் பதிலாகச் செப்பு நிறக் கொழுந்துகள் தலைக்கு மேலே அசைகின்றன.

அன்புத் தோழியரே, தேர்வு முடிந்து நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் போகப்போகிறோம். நம்மை நட்டவர்கள் நம்மிடம் ஒரு பழத்தை எதிர்பார்த்திருப்பார்கள். நாம் வேறொன்றாகக் காய்க்கவும் கூடும். அதனால் நட்ட கை வீணாகிவிடாது. என்ன காய்க்கும் என்று தெரியாமலே, தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டே, நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள ஒரு பெரியவர் ஓர் ஐந்து வயதுக் குழந்தையோடு குழி தோண்டினார். முள்வேலி கட்டினார். முதல் பஸ்ஸில் ஓடி வந்து புழு எடுத்தார். அன்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கொல்லையில் இடம் உள்ளவர்கள் இந்த விடுமுறையில் ஒரு மாங்கொட்டையை ஊன்றுங்கள். ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள்.